போர் தண்ணில பெட்ரோல் வாடை: ஒரு தடவை டெஸ்ட் பண்ணி "ஒண்ணும் இல்ல"ன்னா நம்பலாமா?

ஜூன் 7, மாலை 6.12. கேள்வி (வடசென்னை வாசகர்)

அண்ணா, எங்க தெருவுக்கும் எண்ணெய் டெர்மினல் காம்பவுண்டு சுவருக்கும் நடந்து போற தூரம்தான். கொஞ்ச நாளா வீட்டு போர் தண்ணில பெட்ரோல் வாடை. காலையில முதல் தடவை மோட்டார் போடும்போது மூக்கைத் துளைக்குது, அப்புறம் குறையுது. ஆர்ஓ போட வந்தவர் டிடிஎஸ் மீட்டரை வெச்சுப் பாத்துட்டு "தண்ணி நல்லாத்தான் இருக்கு"ன்னார். புகார் குடுத்ததும் டெர்மினல் பக்கத்துல இருந்து ரெண்டு பேர் வந்து பிளாஸ்டிக் பாட்டில்ல பிடிச்சுட்டுப் போய், "ஒண்ணும் இல்ல"ன்னு ஒரு தாள் குடுத்துட்டாங்க. டெஸ்ட்ல இல்லைன்னு வந்துட்டா இல்லைன்னுதானே அர்த்தம்?

ஜூன் 7, இரவு 10.40

இல்ல தம்பி. ஏன்னு அப்புறம் எழுதறேன். இன்னிக்கு ராத்திரி செய்ய வேண்டியதை முதல்ல கேளுங்க.

குடிக்க, சமைக்க, குளிக்க இந்தத் தண்ணி வேண்டாம். மெட்ரோ வாட்டர் லாரியோ கேனோ வெச்சு ஓட்டுங்க. போர் தண்ணி சம்புக்குப் போகுதுன்னா மூடியைத் திறந்து வெச்சு காத்தாட விடுங்க, பிள்ளைங்க கிட்ட போகாம பாத்துக்குங்க. பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனம். பள்ளத்துல போய்த் தேங்கும். சம்புக்குள்ள யாரும் இறங்கக் கூடாது. பக்கத்துல பீடி, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். தீக்குச்சி கொளுத்திக் காட்டி "பாருங்க எரியுது"ன்னு வீடியோ எடுக்கறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க.

டிடிஎஸ் மீட்டர் தண்ணில மின்சாரம் எவ்வளவு பாயுதுன்னு அளந்து, அதை உப்புக் கணக்கா மாத்திக் காட்டற கருவி. பெட்ரோல்ல மின்சாரம் பாயாது. அதனால பெட்ரோல் கலந்த தண்ணியும் அந்த மீட்டருக்கு நல்ல தண்ணிதான்.

ஜூன் 8, காலை 7.05

அந்தத் தாளை போட்டோ எடுத்து அனுப்பினதுக்கு நன்றி. படிச்சேன். அதுல இருக்கறது பிஎச், டிடிஎஸ், கடினத்தன்மை, குளோரைடு, கடைசியா "எண்ணெய் மற்றும் கிரீஸ்". அவ்வளவுதான்.

இந்தக் கடைசி வரியைத்தான் நல்லாப் பாக்கணும். எண்ணெய் கிரீஸ் டெஸ்ட்ல, தண்ணில இருக்கற எண்ணெயை ஒரு கரைப்பான்ல இழுத்து, அந்தக் கரைப்பானைச் சூட்டுல ஆவியாக்கி, மிஞ்சற கசடை எடை போடுவாங்க. மசகு எண்ணெய்க்கும் ஓட்டல் கழிவுத் தண்ணிக்கும் அது சரியான முறை. பெட்ரோலோ அந்தச் சூட்டுலயே கரைப்பானோட சேர்ந்து போயிடும். எடை போட ஒண்ணும் மிஞ்சாது. தாள்ல "வரம்புக்குக் கீழ்"னு வரும். அந்த லேப்காரர் பொய் சொல்லலை. அவரைக் கேட்ட கேள்வி வேற.

நீங்க கேக்க வேண்டியது பென்சீன், டொலுயீன், எத்தில் பென்சீன், சைலீன் நாலும். சுருக்கமா பிடெக்ஸ்னு சொல்லுவாங்க. கூடவே எம்டிபிஇ (பெட்ரோல்ல சேக்கற ஒரு பொருள்), நாப்தலீன், மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன். கேஸ் குரோமட்டோகிராஃப் (ஆவியாகற பொருளைத் தனித்தனியாப் பிரிச்சு அளக்கற கருவி) வெச்சிருக்கற, என்ஏபிஎல் (லேபுங்களுக்கு அங்கீகாரம் குடுக்கற தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேப்ல குடுங்க. அங்கீகாரம் லேபுக்கு இருந்தாப் போதாது, இந்த டெஸ்டுக்கு இருக்கணும். அவங்க அங்கீகாரப் பட்டியல்ல பென்சீன் இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

ஜூன் 8, இரவு 9.30

பாட்டில் பத்தி தனியா எழுதணும், ஏன்னா பாதித் தப்பு அங்கதான் நடக்குது.

பிளாஸ்டிக் பாட்டில்ல பென்சீன் தங்காது. கொஞ்சம் பிளாஸ்டிக்லயே ஊறிடும், கொஞ்சம் மூடிக்கு அடியில இருக்கற காத்துக்கு ஏறிடும். 40 மில்லி கண்ணாடிக் குப்பி, டெஃப்லான் ஒட்டின மூடி, லேப்லயே தருவாங்க. உள்ள ரெண்டு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். அதைக் கழுவி ஊத்திடாதீங்க, கிருமிங்க பென்சீனைத் தின்னுடாம இருக்கத்தான் அது. குப்பி ஓரமா தண்ணியை மெதுவா வழிய விடணும், வாய்ல தண்ணி மேடு கட்டி நிக்கணும், அப்ப மூடணும். மூடினதும் தலைகீழாத் திருப்பி விரலால ஒரு தட்டு. குமிழி ஏறினா அந்தக் குப்பி வேண்டாம், வேற எடுங்க. ஐஸ் பெட்டியில 4 டிகிரில வெச்சு, 14 நாளுக்குள்ள லேப்ல ஓட்டணும். லேப்லேர்ந்து ஒரு சுத்தத் தண்ணிக் குப்பியும் கூடவே போய்த் திறக்காம திரும்பணும். வண்டியில பெட்ரோல் வாடை பட்டு தண்ணி கெட்டுச்சான்னு அதுதான் சொல்லும்.

ஓவர்ஹெட் டேங்க் குழாய்ல எடுக்காதீங்க. டேங்க்ல கொட்டும்போதே பாதி காத்துல போயிருக்கும். வீட்டுல கம்ப்ரசர் போர்னா இன்னும் மோசம். காத்தை அடிச்சுத்தானே தண்ணியைத் தள்ளுது, அந்தக் காத்தே பென்சீனைப் பிரிச்சுக் கொண்டு போயிடும். மூக்குக்கு நல்லா வாடை வரும், குப்பியில கம்மியாக் காட்டும்.

ஜூன் 9, காலை 6.50

"லேசாத்தான் வாடை வருது, இதுக்கு இவ்வளவு பயமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். கணக்குப் போட்டுப் பாருங்க.

பாரத் ஸ்டேஜ் 6 பெட்ரோல்ல பென்சீன் கொள்ளளவுல 1 சதவீதம் வரைக்கும் இருக்கலாம். அப்ப 1 லிட்டர் பெட்ரோல்ல 10 மில்லி, எடையில கிட்டத்தட்ட 8.8 கிராம். குடிநீர்ல பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வகுத்தா, 1 லிட்டர் பெட்ரோல்ல இருக்கற பென்சீன் 8 லட்சம் லிட்டருக்கு மேல தண்ணியைக் கெடுக்கப் போதும். நம்ம தெருவுக்கு வர்ற 9,000 லிட்டர் தண்ணி லாரி 90க்கும் மேல. பென்சீன் ரத்தப் புற்றுநோய் வர வைக்கும்ங்கறதுல மருத்துவ உலகத்துல சந்தேகமே கிடையாது.

ஜூன் 11

கொதிக்க வெச்சா போயிடும்னு சொன்ன அக்காவுக்கு: தண்ணியை விட்டுப் போகும், உங்க சமையக்கட்டுக் காத்துக்கு வரும். அடுப்பு முன்னாடி நிக்கறவங்க அதைத்தான் மூச்சா இழுப்பாங்க. ஆர்ஓ சவ்வு உப்பைத் தடுக்கற அளவுக்கு பென்சீனைத் தடுக்காது. கரி ஃபில்டர் பிடிக்கும், ஆனா நிரம்பினது வெளியில தெரியாது. நிரம்பினப்புறம் உள்ள வர்றது அப்படியே வெளிய வரும்.

ஜூன் 15, ஞாயிறு

இன்னிக்கு நேரம் இருக்கு, கண்காணிப்புன்னா என்னன்னு விளக்கமா எழுதறேன். வடசென்னையில பங்க், டெர்மினல் ரெண்டு பக்கமும் பீசோமீட்டர்ல (நிலத்தடித் தண்ணியைக் கண்காணிக்கப் போடற குறுகின குழாய்க் கிணறு) தண்ணி எடுக்கறதுதான் ரொம்ப வருஷமா என் வேலை.

ஒரு கிணறு ஒரு புள்ளி. ரெண்டு கிணறு ஒரு கோடு. நிலத்தடித் தண்ணி எந்தப் பக்கம் நகருதுன்னு சொல்ல மூணாவது வேணும், அதுவும் முக்கோணமா. மூணுக்கும் வாய் உயரத்தை ஆட்டோ லெவல் (சர்வேக்காரங்க உயரம் அளக்கற கருவி) வெச்சு ஒரே அளவுக்குக் கொண்டு வரணும். அப்புறம் ஒரே காலையில மூணுலயும் நீர்மட்டம் எடுக்கணும். கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கிட்ட இருக்கற கிணறுன்னா ஒரே மணி நேரத்துக்குள்ள எடுக்கறது நல்லது, ஏன்னா ஓதம் ஏறி இறங்கறப்ப மட்டமும் கூடவே ஏறி இறங்கும்.

அளக்கற கருவி இன்டர்ஃபேஸ் மீட்டர். டேப் முனையில விரல் கனத்துல ஒரு உலோகக் கட்டை. மெதுவா இறக்கணும். எண்ணெயைத் தொட்டா "பீஈஈ"ன்னு இழுத்துக் கத்தும். தண்ணிக்குள்ள போனதும் "பீப் பீப்"னு விட்டு விட்டு. அந்த ரெண்டு சத்தத்துக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் மிதக்கற பெட்ரோல். ஒரு உதாரணம்: கிணத்து வாயில இருந்து 5.62 மீட்டர் ஆழத்துல எண்ணெய் ஆரம்பிக்குது, தண்ணி 5.80ல. நடுவுல 18 சென்டிமீட்டர் பெட்ரோல். இப்ப நீர்மட்டம் 5.80ன்னு எழுதினா தப்பு. மேல நிக்கற பெட்ரோல் தன் எடையால தண்ணியை அமுக்கி வெச்சிருக்கு. அடர்த்தி 0.75ன்னா 18 சென்டிமீட்டர்ல முக்கால் பங்கு, 13.5 சென்டிமீட்டரை அந்த ஆழத்துல இருந்து கழிக்கணும். உண்மையான மட்டம் 5.665 மீட்டர். "13 சென்டிமீட்டர்தானே"ன்னு விடக் கூடாது. கடலோர மணல்ல மட்டச் சரிவே ரொம்பக் கொஞ்சம்தான். இந்தத் திருத்தத்தை விட்டா வரைபடத்துல அம்புக்குறி எதிர்ப்பக்கம் திரும்பும், கெட்ட தண்ணி போகாத தெருவுல போய் கிணறு தோண்டுவாங்க.

மீட்டர் இல்லாத இடத்துல கண்ணாடி மாதிரித் தெரியற பெய்லர். நீளக் குழாய், அடியில ஒரு குண்டு வால்வு. ஒரு வீட்டு உறைகிணத்துல இறக்கித் தூக்கினப்ப கீழ தெளிஞ்ச தண்ணி, மேல ரெண்டு விரக்கடை இளம் ஆரஞ்சு, நடுவுல கோடு போட்ட மாதிரி சுத்தமா ஒரு எல்லை. பக்கத்துல நின்ன வீட்டுக்காரம்மா ரொம்ப நேரம் பாத்தாங்க. "இதுலதான் காலையில அரிசி களைஞ்சேன்"னாங்க. அறிக்கையில எழுத ஒரு வரி கிடைச்சுடுச்சு, அந்தம்மாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் தெரியலை.

ஜூன் 15, இரவு

மேல மூணு கிணறுன்னது குறைஞ்சபட்சம். டெர்மினல் மாதிரி இடத்துக்கு தண்ணி உள்ள வர்ற பக்கம் ஒண்ணு (அது சுத்தமா இருந்தாத்தான் ஒப்பிட முடியும்), டேங்க் பக்கத்துல சிலது, தண்ணி வெளிய போற பக்கம் சுவரை ஒட்டி ஒரு வரிசை, சுவருக்கு வெளியவும் ஒரு வரிசை. இந்தக் கடைசி வரிசையைத்தான் யாரும் போட மாட்டேங்கறாங்க. அங்கதான் ஜனங்க இருக்காங்க.

ஜூன் 18

கண்காணிப்புக் கிணத்துல குப்பி பிடிக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு இறைக்கணும்னு கேட்டவருக்கு: பழைய வழக்கம், குழாய்ல நிக்கற தண்ணியைப் போல மூணு மடங்கு. 10 சென்டிமீட்டர் விட்டக் குழாய்ல 5 மீட்டர் தண்ணி நின்னா 39 லிட்டர், அப்ப 118 லிட்டர் இறைக்கணும். இன்னொரு முறை, நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல போகாம மெதுவா இழுத்து, பிஎச், மின்கடத்துதிறன், கரைஞ்ச ஆக்சிஜன் மூணும் நிலைச்சு நின்னதும் எடுக்கறது. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும். தண்ணி கலங்காது, இறைச்ச கெட்ட தண்ணியும் கொஞ்சமாத்தான் சேரும். அதைச் சாக்கடையில ஊத்தக் கூடாது, டிரம்ல பிடிச்சு ஒழுங்கா அனுப்பணும்.

யோசிச்சுப் பாத்தா, காலையில முதல் தண்ணில வாடை அதிகம்னு தம்பி சொன்னது ஒரு நல்ல தடயம். ராத்திரி பூரா குழாய்ல நின்ன ஆவி அது. அதையும் ஒரு குப்பி பிடிங்க, ஆனா "இறைக்கும் முன்"னு எழுதி ஒட்டுங்க. இறைச்சப்புறம் எடுத்ததோட கலந்து படிக்கக் கூடாது.

ஜூன் 29

2013 தண்டையார்பேட்டை விஷயத்தை நாலஞ்சு பேர் எழுதிட்டீங்க. ஆமா, அப்ப வீட்டு போர்லயே எண்ணெய் வந்தது. துறைமுகத்துல இருந்து டெர்மினலுக்கு மண்ணுக்கடியில போற குழாய்ல கசிவு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு வரைக்கும் போச்சு, ஐஐடி நிபுணர்கள் வந்து பாத்தாங்க.

அதுல நாம எடுத்துக்க வேண்டியது ஒண்ணு: கசிவு காம்பவுண்டுக்குள்ளதான் இருக்கணும்னு இல்ல. சுவருக்குள்ள இருக்கற பீசோமீட்டர் அத்தனையும் சுத்தம்னு காட்டினாலும், ரோட்டுக்கடியில போற குழாய் ஒழுகலாம். குழாய் போற பாதை நெடுகக் கிணறு இருக்கான்னு கேளுங்க.

ஜூலை 13

பங்க் நடத்தற ஒரு அண்ணன் "நாங்க தினமும் டிப் எடுக்கறோம், ஒழுகினா தெரியாதா?"ன்னு கேக்கறார். டேங்க்ல இறக்கி எண்ணெய் மட்டம் பாக்கற டிப் ராடும், அடியில தண்ணி இருந்தா நிறம் மாறிக் காட்டற வாட்டர் பேஸ்டும் நல்ல பழக்கம்தான். ஆனா நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினா நாளைக்கு 4 லிட்டர் சொச்சம், வருஷத்துக்கு 1,500 லிட்டருக்கு மேல. ஆயிரக்கணக்கான லிட்டர் விக்கற பங்க்ல அந்த 4 லிட்டர் ஆவியாப் போனது, சூட்டுல விரிஞ்சது சுருங்கினதுங்கற கணக்குக்குள்ள மறைஞ்சுடும். டேங்கை அடைச்சு அழுத்தச் சோதனை பண்ணணும், லைனையும் தனியாப் பண்ணணும், டேங்க் குழிக்குப் பக்கத்துல ஒரு கண்காணிப்புக் குழாய் வேணும்.

இன்னொண்ணு, இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால். மண்ணுல இருக்கற கிருமிங்க முதல்ல எத்தனாலைத்தான் தின்னும், இருக்கற ஆக்சிஜனை அதுக்கே செலவழிச்சுடும். பென்சீனைத் தின்ன ஆள் இல்லாம அது இன்னும் தள்ளிப் போகும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வாட்டர் பேஸ்டும் அதுக்குன்னு உள்ளதா இருக்கணும்.

ஆகஸ்ட் 3

பரங்கிமலைப் பக்கத்து வாசகருக்கு: உங்க பக்கம் மணல் இல்ல, சார்னோக்கைட் பாறை. தண்ணி விரிசல் வழியாத்தான் போகும். மூணு கிணறு வெச்சு வரையற அம்புக்குறி அங்க அவ்வளவா உதவாது. பக்கத்து வீட்டுல சுத்தமா இருந்து நாலாவது வீட்டுல வரலாம். அங்க வீடு வீடா எடுக்கறதைத் தவிர வழி இல்ல.

செப்டம்பர் 21

குட்டையில, உறைகிணத்துல வானவில் படலம் பாத்துப் பயந்து படம் அனுப்பினவங்க ஒரு குச்சியால அதைக் கீறிப் பாருங்க. சில்லு சில்லா உடைஞ்சு தனித்தனியா நின்னா இரும்பைத் தின்னற பாக்டீரியா, நம்ம ஊர் இரும்புத் தண்ணில சாதாரணம். உடையாம சுழன்று மறுபடி ஒட்டிக்கிட்டா எண்ணெய். ஆனா பெட்ரோல் கசிஞ்ச இடத்துலயும் ஆக்சிஜன் தீர்ந்து மண்ணுல இருக்கற இரும்பு கரைஞ்சு வரும். திடீர்னு புதுசா செம்மண் நிறம், அழுகின முட்டை வாடைன்னா அதையும் தேதி போட்டு எழுதி வைங்க.

அக்டோபர் 12

மழை வரப் போகுது. தமிழ்நாட்டுல 2003ல இருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம், நல்ல சட்டம், 2019 கோடையைப் பாத்த யாரும் அதைக் குறை சொல்ல மாட்டாங்க. ஆனா பெட்ரோல் மிதக்குதுன்னு சந்தேகம் இருக்கற இடத்துல உறிஞ்சு குழிக்குத் தண்ணி விட்டா அது மட்டத்தைத் தூக்கி, மிதக்கறதைப் பக்கத்து வீட்டுப் பக்கம் தள்ளும். முடிவு தெரியற வரைக்கும் மொட்டை மாடித் தண்ணியை நேரா சம்புக்குத் திருப்புங்க, சம்பைக் கழுவிட்டு, ஆனா உள்ள இறங்காம. பங்க் தரையில ஓடற மழைத்தண்ணி எண்ணெய் பிரிக்கற தொட்டி வழியாத்தான் போகணும், நேரா சேகரிப்புக் குழிக்குப் போகவே கூடாது.

டிசம்பர் 14

தம்பி, உங்க புது அறிக்கை கிடைச்சுது. பென்சீன் "கண்டறியப்படவில்லை". வீட்டுல எல்லாரும் சந்தோஷப்பட்டதா எழுதியிருக்கீங்க. அதைக் கெடுக்கணும்னு எழுதலை, ஆனா ரெண்டு இடத்தைப் பாருங்க.

முதல் இடம், அந்த வரிக்குப் பக்கத்துல சின்ன எழுத்துல "கண்டறியும் வரம்பு 50". லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழ இருந்தா அந்த லேபால பாக்க முடியாதுன்னு அர்த்தம். நமக்குக் கவலையே 10ல ஆரம்பிக்குது. 40 இருந்தாலும் இந்தத் தாள் இதையேதான் சொல்லியிருக்கும். 1 வரைக்கும் பாக்கற லேப் வேணும்.

ரெண்டாவது, ஜூன்ல உங்க பக்கம் புதுசா போட்ட பீசோமீட்டர்ல நீங்க எழுதின மட்டம். அப்ப 5.80 மீட்டர் ஆழம், இப்ப 2.10. ஓட்டை போட்ட பைப் 4 மீட்டர்லதான் ஆரம்பிக்குது, அதுக்கு மேல மூடின பைப். தண்ணி இப்ப ஓட்டைக்கு மேல கிட்டத்தட்ட 2 மீட்டர் நிக்குது. மிதக்கற பெட்ரோல் இருந்தா அது மூடின பைப்புக்கு வெளிய, மண்ணுல, தண்ணிக்கு மேல நிக்கும். உள்ள வர வழியே இல்ல. ஓட்டைப் பைப் கோடை மட்டத்துக்குக் கீழயும் மழைக்கால மட்டத்துக்கு மேலயும் நீளணும். போர் போடறவங்க வழக்கமா மேல் மண்ணை அடைச்சுத்தான் பழக்கம், ஏன்னா குடிதண்ணி போருக்கு அதுதான் சரி. கண்காணிப்புக் கிணத்துக்கு அதுவே குருட்டுக் கண்.

மட்டம் ஏறும்போது பெட்ரோல்ல ஒரு பகுதி மண் துகளுக்கு நடுவுல சிக்கி அங்கயே நின்னுடும். எண்ணெய்ச் சட்டியை வெறும் தண்ணியில அலம்பினா பிசுக்கு ஒட்டிட்டு நிக்கற மாதிரிதான். கோடையில மட்டம் இறங்கறப்ப அது மெல்ல வழிஞ்சு மறுபடி கிணத்துக்குள்ள சேரும். அதனாலதான் பல இடத்துல மே, ஜூன்ல பெட்ரோல் "திடீர்னு" வருது. புதுசா ஒழுகியிருக்கலாம், பழசாவும் இருக்கலாம். கிணத்துல 18 சென்டிமீட்டர் நின்னா மண்ணுலயும் 18 சென்டிமீட்டர் இருக்குன்னும் அர்த்தமில்ல, பெரும்பாலும் மண்ணுல கம்மிதான். தடிமனை மட்டும் தனியாப் படிக்கக் கூடாது, மட்டத்தோட சேர்த்துப் படிக்கணும்.

டிசம்பர் 15

"அப்ப இப்ப என்னண்ணா பண்றது?"

பக்கத்துல இன்னொரு குழாய், 1 மீட்டர்ல இருந்து 8 மீட்டர் வரைக்கும் ஓட்டை போட்டது. சென்னையில கிணறு தோண்ட 1987 நிலத்தடி நீர்ச் சட்டப்படி அனுமதி வேணும். உங்க காசுல போடாதீங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்க. எழுதறப்ப "வாடை வருது, நடவடிக்கை எடுங்க"ன்னு மட்டும் எழுதாம, ஜூன் மட்டம், டிசம்பர் மட்டம், ஓட்டைப் பைப் ஆழம், லேப் வரம்பு நாலையும் ஒரு தாள்ல வைங்க. டெர்மினலோட உள் கிணத்து அளவுங்க எல்லா மாசமும் வேணும்னு தகவல் உரிமைச் சட்டத்துல தனியாக் கேளுங்க. சுத்தம்னு முடிவு எழுதின பக்கம் மட்டும் குடுத்தா வாங்காதீங்க, மட்டமும் தடிமனும் இருக்கற அட்டவணை வேணும்னு எழுதிக் கேளுங்க.

பழைய குழாயை மூடிடலாமான்னு கேட்டீங்க. இப்ப வேண்டாம், கரைஞ்சது வருதான்னு பாக்க அது உதவும். மூடியில பூட்டு போடுங்க, சுத்தி சிமென்ட் பூசுங்க, தெருத் தண்ணி உள்ள இறங்கக் கூடாது. பின்னாடி கைவிடறதா இருந்தா மண்ணைப் போட்டு நிரப்பாதீங்க, பென்டோனைட்டும் (தண்ணி பட்டா உப்பி அடைக்கற களிமண்) சிமென்டும் கலந்து அடியில இருந்து மேல வரைக்கும் அடைக்கணும். இல்லைன்னா மேல இருக்கறது கீழ இறங்க நாமளே வழி போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்.

அடுத்த குப்பி மார்ச் கடைசியில, அதுக்கப்புறம் மே கடைசியில. ரெண்டுக்கும் நான் வர்றேன், மீட்டர் என்கிட்ட இருக்கு. அது வரைக்கும் கேன் தண்ணியே தொடரட்டும்.